குருகும் நாரையும்: பறவையியல் நோக்கில் மூன்று பாடல்கள்

முன்னுரை

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் வகுப்புகளில் நீர்நிலைப் பறவை ஒன்று இடம்பெறும் போதெல்லாம் ஒரே வகையான விளக்கம் தரப்படுவதைப் பலரும் கண்டிருக்கக்கூடும். குருகு என்றால் நாரை. நாரை என்றால் கொக்கு. கொக்கு என்றால் வெள்ளையாக இருக்கும் ஒரு பறவை. அத்துடன் பறவையின் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் உள்ளுறை, இறைச்சி, திணைமயக்கம் என விளக்கம் மேலே செல்கிறது. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளையும் எண்ணினார். எனினும் நம் விளக்கங்களில் தெய்வத்திற்கும் பூவிற்கும் கிடைக்கும் மதிப்பில் ஒரு பங்குகூடப் புள்ளிற்குக் கிடைப்பதில்லை.

இக்குறையை நீக்க முயன்றோர் இல்லாமல் இல்லை. பி. எல். சாமி எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' இத்துறையில் இன்றும் தவிர்க்க இயலாத நூலாகும். ஆயினும் அந்நூலுக்குப் பின் எழுந்த கட்டுரைகள் பலவற்றில் வேறொரு குறை தோன்றிவிட்டது. பாடலில் வரும் பறவைக்கு விலங்கியலார் வழங்கும் பெயரைக் கண்டுபிடித்துச் சூட்டிவிட்டால் ஆய்வு நிறைவுற்றது என்னும் எண்ணமே அது. பெயர் சூட்டுதல் திறனாய்வின் தொடக்கமாகலாம், திறனாய்வு ஆகாது. புலவன் எதனைக் கண்டு பாடினான், எவ்விடத்தில் கண்டதை விட்டு விலகினான் என்று பிரித்தறிவதற்குப் பறவையின் இயல்பு நமக்கு ஓர் அளவுகோலாகிறது. அப்பயன் கருதியே அது வேண்டப்படுகிறது. இக்கருத்தைக் குறுந்தொகை 25ஆம் பாடல், ஐங்குறுநூற்றின் வெள்ளாங்குருகுப் பத்து, சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடல் ஆகிய மூன்றையும் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மூன்றையும் மலேசிய மாணவர்க்குக் கற்பிக்கும்போது எழும் ஒரு சிக்கலும் இறுதியில் பேசப்படும்.

கபிலரின் சாட்சி

குறுந்தொகையின் 25ஆம் பாடல் அறியாதார் இலர். களவில் கூடியவன் வரைவு நீட்டிக்கின்றான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அங்கு யாரும் இல்லை, அவன் ஒருவனே இருந்தான், அவனே பொய்த்தால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற குருகு ஒன்றும் அன்று இருந்தது. அக்குருகின் கால்களைத் தினையின் தாளோடு அவள் ஒப்பிடுகின்றாள். பறவையைப் பற்றி அவள் சொல்வது அவ்வளவே. நிறம் இல்லை, இறகு இல்லை, அலகு இல்லை, குரல் இல்லை. கால்களும் அதன் பார்வையும் மட்டுமே உள்ளன.

முதலில் கால்களை எடுத்துக்கொள்வோம். அவற்றைச் சிறியவை எனவும் பசியவை எனவும் பாடல் கூறுகிறது. வெண்கொக்கு வகைகளுள் சின்னக் கொக்கின் கால்கள் கறுப்பு. பாதங்கள் மட்டும் மஞ்சள். பெரிய கொக்கிற்கும் கறுத்த கால்களே. சாம்பல் நாரை உருவத்தாற் பெரிது. அதன் நெடிய கால்களைச் சிறியவை என எவரும் சொல்லமாட்டார். தமிழகத்தின் வயல்களிலும் ஓடைகளிலும் மங்கிய பச்சை முதல் மஞ்சள் கலந்த பச்சை வரையிலான கால்களோடு மிகுதியாகக் காணப்படும் சிறு குருகு ஒன்று உண்டு. தமிழகத்தார் அதனை மடையான் என்றும் குருட்டுக்கொக்கு என்றும் குளக்கொக்கு என்றும் வழங்குவர். ஏறத்தாழ ஒரு முழ நீளமுடையது. முதுகு தவிட்டு நிறம். கழுத்திலும் மார்பிலும் பழுப்புக் கோடுகள். கரையில் நிற்கும்போது சேற்றோடும் காய்ந்த புல்லோடும் கலந்து கண்ணுக்குத் தெரியாது. நாம் ஓரடி முன்வைத்தால் திடீரென வெண்சிறகு விரித்து எழும்பும். அதுவரை அங்கொரு பறவை இருந்ததையே நாம் அறிந்திருக்கமாட்டோம். மிக அருகில் செல்லும்வரை அசையாதிருப்பதால்தான் அதற்குக் குருட்டுக்கொக்கு என்னும் பெயர் வந்தது.

கபிலர் கண்டது இதுவே என நூற்றுக்கு நூறு நிறுவ இயலாது. ஆனால் பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் இப்பாடலுக்கு வரையப்படும் வெள்ளைக் கொக்கு அன்று என்பது உறுதி. இதனால் பொருளில் என்ன வேறுபாடு எனக் கேட்கலாம். வேறுபாடு உண்டு. பளிச்சென்று தெரியும் வெண்பறவை ஒன்று அருகே நின்றிருந்தால் அதனை முதலிலேயே இருவரும் கண்டிருப்பர். நிலத்தோடு கலந்து மறையும் பறவையாயின் நிலை வேறு. யாரும் இல்லை என்று தொடங்கும் தலைவி, சொல்லிக்கொண்டே வரும்போது, குருகும் உண்டு என முடிக்கிறாள். முதலிற் காணப்படாத ஒன்று பின்னர் நினைவில் தெளிவது போன்ற அமைப்பு இது. 'உம்' என்னும் இடைச்சொல்லின் வலிமை அங்குதான் இருக்கிறது. தலைகவிழ்ந்து நின்ற பெண்ணின் பார்வைக்கு நீரில் ஊன்றிய கால்கள் மட்டுமே எட்டின எனக் கொள்வதும் பொருந்தும். இவ்விரு விளக்கங்களுள் ஒன்றையே தேர்ந்தாக வேண்டும் என்பதில்லை.

உவமையும் கவனிக்கத்தக்கது. தினைத்தாள் மெல்லியது, கணுவுடையது. குருகின் காலின் நடுவே முழங்கால் போலத் தோன்றும் மூட்டு உண்மையில் அதன் கணுக்கால். தினைத்தாளின் கணுவோடு அது நன்கு ஒக்கும். நிறத்தால் மட்டுமன்றி வடிவாலும் அமைந்த உவமை இது. இவ்வுவமை புலவரின் நாவிலன்றித் தினைப்புனம் காத்த பெண்ணின் நாவில் வைக்கப்பட்டுள்ளது என்பதையும் நோக்க வேண்டும். மலைநிலத்துப் பாடலில் நீர்நிலைப் பறவை வந்ததற்குத் திணைமயக்கம் எனப் பெயரிட்டு அமைவது எளிது. ஆனால் அப்பறவையை அவள் தன் புனத்துப் பயிரைக் கொண்டே அளக்கிறாள் என்பதில் பாடல் குறிஞ்சியாகவே நின்றுவிடுகிறது.

இனிப் பார்வை. குருகினம் இரைதேடும் முறைகளுள் தலையாயது அசையாது நின்று காத்திருத்தல். கழுத்தெலும்புகளுள் ஒன்று மாறுபட்டு அமைந்திருப்பதால் கழுத்து வளைந்து மடங்கி, வில்லினின்று அம்பு புறப்படுவதுபோல் பாயும். கண்கள் அலகின் அடிப்பகுதியை ஒட்டி, கீழ்நோக்கிக் காணும்படி அமைந்துள்ளன. தலையைத் தாழ்த்தாமலே தன் காலடி நீரைப் பார்க்க வல்லது அது. ஆரலோ பகலில் மணலிலும் சேற்றிலும் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும் மீன். இருள் கவியும்போதுதான் வெளிப்போந்து திரியும். எனவே ஆரலை நோக்கி நிற்கும் குருகு நெடுநேரம் நிற்க வேண்டும். கண்ணையும் எடுக்கக் கூடாது. கூடல் தொடங்கியது முதல் முடிந்தது வரை அவ்விடத்தை விட்டு அகலாத ஒரே உயிர் அதுவாக இருந்திருக்கும். அதே காரணத்தால் எதனையும் பாராத உயிரும் அதுவே. அஃறிணையாதலால் சாட்சி சொல்லாது என்னும் விளக்கம் போதாது. வாய் இருந்தாலும் அதனிடம் சொல்வதற்கு ஒன்றும் இருந்திராது. பறவையின் இயல்பை அறிந்த பின்பே தலைவியின் தனிமை எத்தகையது என்பது நமக்கு முழுமையாகப் புலனாகிறது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏ. கே. இராமானுஜன் 1967இல் வெளியிட்ட அகப்பாடல் மொழிபெயர்ப்புத் தொகுப்பே ஆங்கில உலகிற்கு இப்பாடலைப் பெரிதும் அறிமுகப்படுத்தியது. நம் மாணவர் பலரும் இப்பாடலை அதன் வழியாகவே முதலில் அறிகின்றனர். அதில் ஆரல், 'லாம்ப்ரே' என ஆக்கப்பட்டுள்ளது. லாம்ப்ரே தாடையற்ற மீன். பிற மீன்களில் ஒட்டிக்கொண்டு குருதி உறிஞ்சும் வகைகளும் அவ்வினத்தில் உண்டு. குளிர்நாட்டு நீரில் வாழ்வது. இந்திய ஆறுகளில் இல்லை. கால்களின் பசுமையும் அங்கு மஞ்சளாகியுள்ளது. இரண்டாவது மாற்றத்தை மன்னிக்கலாம். மடையானின் கால் சில பருவங்களில் மஞ்சளாகவே தோன்றும். முதலாவது அவ்வாறு அன்று. மணலில் மறைந்திருந்து தாமதமாக வெளிப்படும் ஆரலின் இயல்பு போய்விட்டால், குருகு ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்பதும் போய்விடுகிறது. இராமானுஜனின் ஆங்கிலப் பாடல் நல்ல பாடல் என்பதில் ஐயமில்லை. அதன் ஆற்றங்கரை மட்டும் நம்முடையதாக இல்லை.

மலேசிய வாசகர்க்கு ஓர் ஒப்பீடு இங்கு உதவும். 'பாங்காவ் ஓ பாங்காவ்' என்னும் மலாய் நாட்டுப்பாடலைப் பாலர் பள்ளியிலேயே நம் பிள்ளைகள் கற்கின்றனர். ஏன் மெலிந்தாய் எனக் கொக்கைக் கேட்கிறார்கள். மீன் மேலே வராவிட்டால் நான் எப்படி மெலியாதிருப்பேன் என்கிறது கொக்கு. அதன்பின் மீன் புல்லையும், புல் எருமையையும் காரணமாகக் காட்ட, சங்கிலி நீள்கிறது. காத்து நின்று இரைகொள்ளும் பறவை என்னும் அதே உற்றுநோக்கலே இரண்டிற்கும் அடிப்படை. அங்கு எல்லா உயிர்களும் பேசுகின்றன. குற்றம் கைமாறிக்கொண்டே போகிறது. கபிலரிடம் ஒன்றும் பேசுவதில்லை. குற்றத்தைச் சுமத்துவதற்கு வேறெவரும் இல்லை.

வெள்ளாங்குருகின் பிள்ளை

ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் பாடிய 151 முதல் 160 வரையிலான பத்துப் பாடல்களும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகின்றன. வெள்ளாங்குருகின் பிள்ளையைக் காண ஒரு நாரை செல்கிறது. முதலில் கருதவேண்டியது, இங்குக் குருகும் நாரையும் வேறு வேறு என்பதே. நிகண்டுகள் குருகு என்பதற்குப் பொதுவாகப் பறவை எனவும், நாரை எனவும், கோழி எனவும், வளையல் எனவும் பொருள்கள் பலவற்றை அடுக்குகின்றன. அவற்றைக் கொண்டு இப்பத்தைப் படித்தால் நாரை நாரையைக் காணச் சென்றது என்று முடியும். அம்மூவனார் வெண்ணிறக் குருகு ஒன்றையும் மெல்ல நடக்கும் நாரை ஒன்றையும் தெளிவாகப் பிரித்தே பாடுகிறார்.

சிக்கல் 'செத்தென' என்னும் சொல்லில் உள்ளது. பிள்ளை இறந்ததாக, அதனைக் காண நாரை சென்றது என்பது ஒரு பொருள். செத்து என்பது கருதி, ஒப்ப என்னும் பொருளிலும் சங்க இலக்கியத்தில் வழங்குதலால், வெள்ளாங்குருகின் பிள்ளை எனக் கருதிச் சென்றது என்பது மற்றொரு பொருள். உரைகள் இரு வகையாகவும் செல்கின்றன. மழை பெய்தென, அவன் வந்தென என வரும் எச்ச வாய்பாட்டை நோக்கினால் முதற்பொருளே இயல்பாக அமைகிறது. இலக்கணம் இவ்வளவு சொல்லும். பறவைகளைக் கண்டால் மேலும் சில புலப்படும்.

வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் அடுத்தடுத்த மரங்களில், பல வேளைகளில் ஒரே மரத்தில், கூடு கட்டுவதைக் காணலாம். வெண்கொக்கின் முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. முதலிற் பொரித்த குஞ்சு பெரிதாகிவிடும். கடைசிக் குஞ்சு இரையின்றியோ மூத்தவற்றின் கொத்தலினாலோ மடியும். கூட்டினின்று கீழே விழுந்தால் தாய் அதனைத் தேடி வந்து ஊட்டுவதில்லை. அத்தகைய மரத்தடியில் இறந்த குஞ்சுகள் கிடப்பது அன்றாடக் காட்சி. ஆகவே கொக்கின் பிள்ளை இறப்பதும், அதே மரத்து நாரை அருகே நிற்பதும் புலவர் கற்பனையாற் படைத்தவை அல்ல. இரங்கிக் காணச் சென்றது என்பதே அவரது ஆக்கம். அயலார் வீட்டுத் துக்கத்திற்குச் செல்வதுபோல் நாரையை அனுப்பியவர் அம்மூவனார். நாரைக்கு அவ்வழக்கம் இல்லை. இப்பத்தின் இரக்கம் முழுவதும் அந்த ஒரு விலகலில் அடங்கியுள்ளது. உள்ளுறையை நோக்கி விரைந்து தலைவனின் ஒழுக்கத்தைப் பேசத் தொடங்கும் உரைகளில் இது காணாமற் போகிறது.

நாரை எது என்பது இதனினும் கடினம். 152ஆம் பாடலில் அது செயலற்றுக் குரலெழுப்புகிறது. 'இரற்றும்' என்பது சொல். விலங்கியலார் நாரைக் குடும்பத்தில் வைக்கும் செங்கால் நாரை, மஞ்சள்மூக்கு நாரை முதலியவற்றிற்குக் குரலை எழுப்பும் தசைகள் வளர்ச்சியடையவில்லை. வளர்ந்த நாரை பெரும்பாலும் ஊமை. அலகுகளை ஒன்றோடொன்று தட்டி ஓசை செய்யுமேயன்றி அலறாது. கரகரத்த குரலில் அலறுவது சாம்பல் நாரை முதலிய குருகினமே. அவ்வாறாயின் அம்மூவனாரின் நாரை பெருங்குருகு எனலாம். ஆனால் 156ஆம் பாடலில் அதே நாரை உதிர்த்த தூவி 'செம்மறு' உடையதாய்க் கழியில் பரந்து கிடக்கிறது. சாம்பல் நாரையின் இறகில் செம்மறு இல்லை. மஞ்சள்மூக்கு நாரைக்கு உண்டு. அதன் சிறகின் பின்முனையில், வாலை ஒட்டி, இளஞ்சிவப்பு இறகுகள் தொங்கும். வளர்ந்த பறவைக்கு அதுவே சிறந்த அடையாளம். துயரத்தால் பதைத்துத் தன்னைத் தானே வருத்திய பறவையின் குருதிக்கறை எனவும் செம்மறுவைக் கொள்ள இடமுண்டு. ஏனெனில் அப்பாடலில் தூவி உதிர்வதற்குக் காரணமாகப் பதைப்பு சுட்டப்படுகிறது.

இம்முரணை எவ்வாறு தீர்ப்பது? என் கருத்தில் தீர்க்க வேண்டியதில்லை. நாரை என்னும் சொல் அம்மூவனார் காலத்தில் நெடிய காலும் தளர்ந்த நடையும் உடைய பெரும் பறவைகள் பலவற்றிற்குப் பொதுப்பெயராக இருந்தது எனக் கொள்வதே பொருத்தம். ஒரு பாடலில் ஒன்றன் குரலும், மற்றொரு பாடலில் மற்றொன்றன் இறகும் வந்து சேர்ந்திருக்கலாம். ஒவ்வொரு சங்கப் பெயருக்கும் ஒரே ஒரு விலங்கியற் பெயரைப் பொருத்த முயலும் பட்டியல்கள் தவறுவது இங்குதான். வகைப்படுத்துதல் புலவரின் தொழில் அன்று.

தூது செல்லும் நாரை

சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடல் காலத்தாற் பிற்பட்டது. கும்பகோணத்தை அடுத்த சத்திமுற்றத்திலிருந்து பரிசில் நாடி மதுரை வந்த ஏழைப் புலவர், குளிரில் நடுங்கியவாறு, வானிற் செல்லும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்புகிறார். இங்குப் பறவையை அறிவதில் தடை இல்லை. கால் சிவப்பு. அலகு பவளநிறம், அதற்குப் பிளந்த பனங்கிழங்கு உவமை. மஞ்சள்மூக்கு நாரையின் அலகு மஞ்சள், முனையில் சற்றே கீழ்நோக்கி வளைந்தது. பனங்கிழங்கோ நேரானது, அடி பருத்து நுனி கூர்ந்தது. பிளந்தால் மேலலகும் கீழலகும் போல் இரண்டாகும். சிவந்த காலும் சிவந்த நேரலகும் உடையது ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டிக் குளிர்காலத்தில் தெற்கே வரும் செங்கால் நாரையே. இன்று தென்னிந்தியாவில் அது அருகியே காணப்படுகிறது. தென்குமரியில் நீராடி வடதிசை மீள்வீராயின் எனப் புலவர் கூறுவது வலசைப் பறவையின் வழியை அப்படியே தொடர்கிறது. நாரை குளிருக்கு அஞ்சித் தெற்கே வந்தது. குளிர் நீங்கினால் வீடு திரும்பும். புலவர் வந்தது வறுமைக்கு அஞ்சி. அது நீங்கும் பருவம் எதுவென்று அவருக்குத் தெரியாது. வலசையை அறியாது இப்பாடலைப் படிப்பவர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுவர்.

இத்துணை நுட்பமாகக் கண்ட புலவர் ஓரிடத்தில் மட்டும் கண்டதை விடுகிறார். நீயும் நின் மனைவியும் என விளித்து இணையாகவே பறவையை அனுப்புகிறார். செங்கால் நாரை கூட்டிற்குத்தான் உரிமை பூண்டது. ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனியே வலசை சென்று கூட்டில் மீண்டும் கூடுவனவேயன்றி இணைபிரியாது பயணம் செய்வதில்லை. பறவையியலார் இதனைப் பிழை என்பர். திறனாய்வாளர்க்கோ பாடலின் கருவே இது. மனைவியைப் பிரிந்தவன் வானிற் காண்பதெல்லாம் இணையாகத்தான் தோன்றும். பறவையின் இயல்பை அறியாதார்க்கு இவ்வரி ஒரு சாதாரண விளியாகக் கழிந்துவிடும்.

இன்னொன்றையும் கூறத் தோன்றுகிறது, இதனை வற்புறுத்தமாட்டேன். தூது செல்லும் நாரை குரலற்ற பறவை. செய்தியை எதிர்நோக்கி நனைந்த சுவரும் கூரையுமாய் வீட்டில் இருக்கும் மனைவியோ ஒரு பல்லியின் ஒலிக்குச் செவிசாய்த்துக் காத்திருக்கிறாள். புலவர் இதனை அறிந்தே அமைத்தார் என வாதிடுவதற்குச் சான்றில்லை. ஆனால் நாரையின் ஊமைத்தன்மையைத் தமிழ்நாட்டு ஏரிக்கரையில் வாழ்ந்தவர் அறியாதிருந்திருக்கவும் இயலாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

இப்பாடல்களைக் கோலாலம்பூரில் கற்பிக்கும்போது மாணவர் ஒருவர் கேட்பது இயல்பு: இப்பறவை இங்கு உண்டா? இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே சங்க இலக்கியம் அவருக்கு அயல்நாட்டு அருங்காட்சிப் பொருளாகவோ கண்ணெதிர் உலகமாகவோ ஆகிறது. உண்டு என அவசரப்பட்டுச் சொல்வதிலும் இடர் உள்ளது.

செங்கால் நாரை மலேசியாவின் பறவை அன்று. இங்குள்ள நாரை, மலாயில் 'பூரோங் ஊப்பே' எனப்படும் பால்நாரை. உடல் வெண்மை, முகம் சிவப்பு, அலகு மஞ்சள். சதுப்புக் கரையில் அலகைப் பாதி திறந்து நீரில் வைத்துத் துழாவி, மீன் தொட்டவுடன் மூடிக்கொள்ளும். கண்ணால் அன்று, தீண்டலால் இரைகொள்வது. ஆகவே கபிலரின் குருகு நின்ற இடத்தில் இதனை நிறுத்தவே முடியாது. பார்வை என்பதே பாடலினின்று அகன்றுவிடும். சத்திமுற்றப் புலவரின் நாரைக்கும் இது ஈடாகாது. நெடுந்தொலைவு வலசை செல்வதன்று. உலக அளவில் 2013 முதல் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. உலு கிள்ளானில் உள்ள தேசிய விலங்குக் காட்சிசாலை 1987 முதல் இதனை இனப்பெருக்கம் செய்து வருகிறது. அங்கு வளர்ந்தவை கோலசிலாங்கூரிலும் பேராக்கின் கோலகுலாவிலும் விடப்பட்டுள்ளன.

அதே காட்சிசாலையின் ஏரியைச் சுற்றிக் கூண்டுக்கு வெளியே பறந்து திரிந்து, மரங்களில் கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரைகளும் உண்டு. அவை இந்நாட்டிற்கு இயற்கையாக உரியவை அல்ல, கொண்டுவரப்பட்டவற்றின் வழியினர். அம்மூவனாரின் செம்மறுத் தூவி எத்தகையதாக இருக்கக்கூடும் எனக் காட்ட விரும்பும் ஆசிரியர் மாணவரை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. பால்நாரையின் இறகில் அந்நிறம் இல்லை, மஞ்சள்மூக்கு நாரையின் இறகில் உண்டு என்பதை ஒரே இடத்தில் ஒப்பிடலாம். ஆனால் அங்கும் ஒரு கவலை உண்டு. இவ்விரு இனங்களும் தம்முள் கலந்து கலப்பினக் குஞ்சுகள் பிறந்துள்ளன. காக்கப்பட வேண்டிய பால்நாரையின் தூய்மை இதனால் குலைகிறது என ஆய்வாளர் அஞ்சுகின்றனர். இளஞ்சிவப்பு படர்ந்த இறகோடு ஒரு 'பால்நாரை' தென்படின் அது அழகுக்குரியதன்று, அச்சத்திற்குரியது.

கபிலரின் குருகிற்கு நெருங்கிய உறவு இங்கு உண்டா எனின், உண்டு. மடையானின் உடன்பிறப்பு போன்ற சீனக் குளக்கொக்கு வடக்கின் குளிருக்கு விலகி ஏறத்தாழ அக்டோபரில் இத்தீபகற்பம் வந்து, மார்ச் ஏப்ரல் அளவில் திரும்புகிறது. அதே தவிட்டு முதுகு, அதே கோடிட்ட மார்பு, அதே மஞ்சள் கலந்த பச்சைக் கால், எழும்பும்போது அதே வெண்சிறகு. பழைய ஈயக் குட்டைகளாயிருந்து இன்று பாயா இண்டா எனப் பெயர்பெற்ற டெங்கில் பகுதிச் சதுப்பு நிலத்திலும், பந்துத் திடலின் ஓரத்திலும், கிள்ளானின் மழைநீர்க் கால்வாய்களிலும் அது நிற்கும். கடலோரக் கண்டற்காட்டில் ஆண்டு முழுதும் வாழும் சிறு பச்சைக்குருகும் அதே முறையில் காத்து நின்று மீன்பிடிப்பதே. ஆரலுக்கு நெருங்கிய மீனும் இந்நாட்டு ஆறுகளில் உண்டு; மலாயில் தீலான் என்பர்.

பறவையும் மீனும் உள்ளன, சொல் இல்லை. நம் பேச்சில் வெள்ளையோ தவிடோ எல்லாம் கொக்கு. மடையான் என்னும் சொல்லை அறிந்த மாணவரை நான் இதுவரை வகுப்பில் கண்டதில்லை. மூத்தோரிடமும் அரிதாகவே கேட்டிருக்கிறேன். மலாய்மொழியோ பாங்காவ், பூச்சோங், ஊப்பே, போத்தாக் எனப் பிரித்து வழங்குகிறது. இவற்றுள் பூச்சோங் என்பது குருகைக் குறிக்கும் சொல். அந்நகரின் பெயர் அப்பறவையால் வந்தது என்பர். நாள்தோறும் பூச்சோங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வந்து தமிழ் கற்கும் மாணவர், குருகு என்னும் சொல்லைத் தம் முகவரியிலேயே வைத்திருக்கிறார் என்பதை அவரிடம் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே.

சென்ற ஆண்டு இறுதியில் மாணவர் சிலரைக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றேன். குறுந்தொகைப் பாடலை முன்னரே படித்திருந்தனர். பாலத்தின் மேல் நின்று நெடுநேரம் பார்த்தும் அவர்களுக்கு ஒன்றும் தென்படவில்லை. எனக்கும்தான். நீர் வடிந்த ஓடையின் கரையில் வேர்களும் சேறும் மட்டுமே இருந்தன. திரும்ப முற்பட்ட வேளையில் மாணவி ஒருவர், சார், அங்கே இரண்டு கால் நிற்கிறது என்றார்.